லிசெஸ் ஸ்டடி: அப்பாவின்ர கொப்பியும் ஆனந்தின்ர ஒரு ஆட்டமும்

லிசெஸ் எண்ட இணையத்தளத்தில செஸ் விளையாடுற ஆக்கள் எங்கட பக்கம் கனபேர் இருக்கினம், பஸ்ஸுக்கு நிக்கேக்க கூட போனில மூண்டு நிமிச ஆட்டம் அடிச்சுக்கொண்டு நிக்கிற பெடியளைக் காணுறன். ஆனா அதுக்குள்ளயே ஸ்டடி எண்டு ஒண்டு இருக்கு, அதைத் திறந்து பாத்த ஆக்கள் குறைவு, கேட்டா "அது கோச்மாருக்குத்தானே" எண்டு சொல்லிவிடுவினம். நான் கோச் இல்லை. மருந்துக்கடையில நிக்கிறனான், இரவு கடை பூட்டி வீட்ட வந்து சாப்பிட்டபிறகு கிடைக்கிற ஒரு மணித்தியாலம்தான் எனக்கு செஸ். ரெண்டு வருசத்துக்கு மேலா அந்த நேரத்தில முக்கால்வாசி இந்த ஸ்டடிக்குள்ளதான் போகுது. அதால விளையாடுற பக்கத்தை விட்டிட்டு, விளையாடி முடிஞ்ச ஒரு ஆட்டத்தைத் திருப்பி வச்சுப் படிக்க இது எவ்வளவுக்கு உதவும் எண்டதை மட்டும் எழுதுறன்.

எங்க தொடங்கினது எண்டு சொன்னாத்தான் மிச்சம் விளங்கும். 2022 பங்குனிக் கடைசியில இலங்கையில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்பிடி ஒரு இரவு ரோச் தேடி அலுமாரியைக் கிளறேக்க அப்பாவின்ர சி.ஆர். கொப்பி வந்தது. அவர் செஸ் ஆட்டங்களைப் பேப்பரிலயும் புத்தகங்களிலயும் பாத்துப் பாத்து அதில எழுதி வைக்கிறவர். தொண்ணூறுகளில கரண்டே இல்லாத வருசங்களில ஜாம் போத்தல் விளக்கை மேசையில வச்சு, அந்தக் கொப்பியைப் பக்கத்தில விரிச்சு, ஒவ்வொரு காயா நகர்த்திக்கொண்டு இருப்பார், நானும் அண்ணாவும் எதிர்ப்பக்கம் குந்தியிருந்து பாப்பம். மண்ணெண்ணெய் விலை ஏறேக்க அம்மா பேசுவா, அப்ப திரியைக் குறைச்சுப்போட்டுத் தொடருவார். 95 ஐப்பசிக் கடைசியில யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் தென்மராட்சிக்கு நடந்த இரவும் இந்தக் கொப்பி உடுப்புப் பையுக்குள்ள வந்தது. அப்பா இப்ப இல்லை. கொப்பி இருக்கு.

திறந்து பாத்தா எனக்கு ஒண்டும் வாசிக்கத் தெரியேல்லை. இப்ப எல்லாரும் எழுதுற, கட்டத்துக்கு ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் குடுக்கிற ஈ4, ஈ5 முறை இல்லை அது, பழைய இங்கிலீஷ் முறை. முதல் வரியே ரெண்டு பக்கமும் பி-கியூ4, பி-கியூ4 எண்டு ஒண்டா கிடக்கு, சிப்பாய் ராணி வரிசையின்ர நாலாம் கட்டத்துக்கு எண்டு அர்த்தம். அந்த முறையில வெள்ளை தன்ர பக்கத்தில இருந்து எண்ணும், கறுப்பு தன்ர பக்கத்தில இருந்து எண்ணும், அதால வெள்ளைக்கு அது டி4, கறுப்புக்கு டி5. உலக செஸ் சம்மேளனமான ஃபிடே 1981 ஓட இதை விட்டிட்டுது, ஆனா அதுக்கு முந்தி படிச்ச ஆக்களுக்குக் கை அதிலதான் ஓடும். வீட்ட பழைய கொப்பியோ பேப்பர் வெட்டோ வச்சிருக்கிற ஆக்கள் இது விளங்காமல் எறிஞ்சு போடாதேங்கோ, கறுப்பின்ர எண்ணை மட்டும் ஒன்பதில கழிச்சா சரி, ஆறு எண்டா மூண்டு, ஏழு எண்டா ரெண்டு.

இனி சாமானுக்கு வாறன். லிசெஸ் 2010 ல பிரான்ஸ்காரர் திபோ டூப்ளெசி எண்டவர் தொடங்கினது, காசு இல்லை, விளம்பரம் இல்லை, புரோகிராம் கோட் முழுக்க ஆரும் பாக்க வெளியில கிடக்கு, நன்கொடையில ஓடுது. நன்கொடை குடுக்கிற ஆக்களுக்குப் பேருக்குப் பக்கத்தில ஒரு சின்னச் செட்டை வரும், அவ்வளவுதான், அவைக்கும் எங்களுக்கும் உள்ள வசதி ஒண்டுதான். இதை ஏன் பெரிசா சொல்லுறன் எண்டா, இதுக்கு முதல் நான் காசு கட்டுற வேற ஒரு செஸ் ஆப்பில இருந்தனான், பேர் வேண்டாம், அண்ணான்ர பாங்க் கார்டில டொலரில மாசாமாசம் வெட்டினவங்கள். நிப்பாட்டச் சொல்லி நிப்பாட்டினபிறகும் ரெண்டு மாசம் காசு போனது, அண்ணா ஒண்டும் சொல்லேல்லை, ஆனா எனக்கு அது பெரிய வெக்கமாப் போச்சுது, எங்கட காசுப் பெறுமதிக்கு அது ஒரு கிழமைச் சாப்பாட்டுச் சாமான்.

ஸ்டடி எண்டது என்னெண்டா ஒரு கொப்பி. அதுக்குள்ள சப்டர் சப்டரா 64 வரைக்கும் போடலாம், ஒவ்வொரு சப்டரும் ஒரு போர்ட். வெறும் போர்டில காயை நகர்த்தியே பதியலாம், இல்லாட்டி பிஜிஎன் எழுத்தைக் கொண்டுவந்து ஒட்டலாம். பிஜிஎன் எண்டது 1993 ல வந்த முறை, ஆட்டத்தை வெறும் எழுத்தாப் பதியிறது, மேல யார் யார், எங்க, எப்ப, எத்தினையாவது சுற்று, முடிவு என்ன எண்டு ஏழு வரி, கீழ நகர்வுகள். வெறும் எழுத்து எண்டபடியால் வட்ஸ்அப்பில ஒரு மெசேஜ் மாதிரி அனுப்பலாம், டேட்டா ஒண்டும் தின்னாது. ஒவ்வொரு நகர்வுக்கும் கீழ குறிப்பு எழுத ஒரு பெட்டி இருக்கு, தமிழில எழுதலாம், நான் முழுக்கத் தமிழிலதான் எழுதுறன். கொம்பியூட்டரில வலப்பக்கக் கிளிக்கால பச்சை அம்புக்குறி போடலாம், கட்டத்தைச் சுத்தி வட்டம் போடலாம். இந்தக் குறிப்புப் பெட்டிதான் என்னைப் பொறுத்தவரை இதின்ர உயிர், ஏன் எண்டு பிறகு சொல்லுறன்.

முதலாவது சப்டருக்குக் கொப்பியின்ர முதல் ஆட்டத்தையே போட்டன். ரொட்லெவி எதிர் ரூபின்ஸ்டீன், போலந்தின்ர லோட்ஸ் ஊர், 1907. செஸ் தெரிஞ்ச ஆக்களுக்கு இது பாட்டி கதை மாதிரி, தெரியாத ஆக்கள் கட்டாயம் ஒருக்கா நகர்த்திப் பாக்கோணும். கறுப்பு ரூபின்ஸ்டீன். 22 ஆவது நகர்வில கோட்டையால சி3 குதிரையை வெட்டுறார், அங்கால எச்4 ல அவற்றை ராணி சிப்பாயின்ர வாயில நிக்குது, எடுக்கட்டும் எண்டு விட்டிட்டு வெட்டுறார். வெள்ளை ராணியை எடுக்குது. அடுத்தது மற்றக் கோட்டையைக் கொண்டுபோய் டி2 ல வைக்கிறார், வெள்ளை ராணிக்கு முன்னால, சும்மா எடு எண்டு. கொப்பியில அந்த இடத்தில ஆர்-கியூ7 எண்டு எழுதிப்போட்டுப் பக்கத்தில பென்சிலால ஒரே ஒரு சொல், "ஏன்?" அப்பாதான் கேட்டிருக்கிறார். கீழ பதில் இல்லை.

நான் அந்தப் போர்டுக்கு முன்னால மூண்டு இரவு இருந்தன். ஸ்டடியில முன்னுக்குப் பின்னுக்கு அம்புக் கீயால போய்ப் போய், டி2 க்குப் பதிலா வேற என்ன செய்தா என்ன வரும் எண்டு கிளை கிளையாப் போட்டுப் பாத்தன், மெயின் வரி குழம்பாது, கிளை எல்லாம் பக்கத்தில தனிய நிக்கும், பிழையெண்டா அழிக்கலாம். மூண்டாம் இரவு விளங்கிச்சுது. ஈ2 ல நிக்கிற வெள்ளை ராணிதான் ஈ4 மந்திரிக்குக் காவல். கோட்டையை எடுக்கப் போனா காவல் விட்டுப் போகுது, உடன பி7 மந்திரி ஈ4 ஐ வெட்டி ராஜாவுக்குச் செக், ராணி ஜி2 ல போய் மறைக்க வேணும், பிறகு மிச்சமிருக்கிற கோட்டை சி3 ல இருந்து எச்3 க்கு வருது, ஆட்டம் முடிஞ்சுது. அதை அந்தக் குறிப்புப் பெட்டிக்குள்ள எழுதினன்: "ஈ4 க்கு நிக்கிற காவலை இழுக்கிறதுக்கு, அப்பா." பப்ளிக் ஆக்காமல் எங்களுக்குள்ள மட்டும் வச்சிருக்கிற ஸ்டடி எண்டபடியால் எழுதினன்.

ரெண்டாவது சப்டர் ஆனந்தின்ர ஆட்டம். 2013 தை மாசம், நெதர்லாந்தில விய்க் ஆன் ஸேயில டாடா ஸ்டீல் போட்டி, வெள்ளை லெவோன் அரோனியன், கறுப்பு ஆனந்த், 23 நகர்வில முடிஞ்சது. இதை நான் அந்தக் காலத்திலயே செய்தியில பாத்தனான், ஆகா எண்டு சொல்லிப்போட்டு மறந்தும் போனன். படிச்சதெண்டா இப்பதான்.

ஒப்பனிங், அதாவது தொடக்க நகர்வுகள், செமி ஸ்லாவ், அதில மெரான் எண்ட பிரிவு, ஒப்பனிங்குகளுக்கு எண் குடுக்கிற அட்டவணையில டி47. டி4, டி5, சி4, சி6 எண்டு தொடங்கி, கறுப்பு பொறுமையா இருந்து, வெள்ளை மந்திரி டி3 க்கு வந்து இருந்தபிறகுதான் சி4 சிப்பாயை வெட்டுது. மந்திரி திரும்ப எழும்பிப் போய் சி4 ஐ எடுக்க வேணும், அதுக்குள்ள ஒரு நகர்வு போச்சுது. உடன பி5 சிப்பாய் அதை முட்டுது, மந்திரி பழையபடி டி3. இப்பிடி நேரத்தைப் பிச்சுப் பிச்சு எடுத்துப்போட்டுப் பிறகு சி5 எண்டு நடுவை உடைக்கிறதுதான் கறுப்பின்ர யோசினை முழுக்க. இதை நான் புத்தகத்தில வாசிச்சிருந்தா மனசில நிண்டிருக்காது, எட்டு நகர்வை எட்டுத் தரம் திருப்பித் திருப்பி நகர்த்தினதாலதான் விளங்கினது.

பன்னிரண்டாவது நகர்வில அரோனியன் குதிரையை ஜி5 க்குக் கொண்டு வாறார், ராணியும் மந்திரியும் ஏற்கெனவே எச்7 ஐப் பாத்துக்கொண்டு நிக்குதுகள். ஆனந்த் அதைக் கவனிக்காத மாதிரி சி5. குதிரை எச்7 ஐ எடுக்குது, எஃப்8 கோட்டைக்கும் கை வைக்குது. ஆனந்த் அதையும் விட்டிட்டுத் தன்ர குதிரையை ஜி4 க்குக் கொண்டுபோறார், டி6 மந்திரியோட சேந்து எச்2 க்குக் குறி. அரோனியன் எஃப்4 போட்டு மறைக்கிறார். பிறகு நடக்கிறதைத்தான் நான் எத்தினை தரம் பாத்தாலும் அலுக்காது. 15 ஆவது, மந்திரி சி5, டி4 சிப்பாயின்ர வாய்க்குள்ள. 16 ஆவது, டி7 ல நிண்ட குதிரை ஈ5, எஃப்4 சிப்பாயின்ர வாய்க்குள்ள. எஃப்8 கோட்டை அங்க அப்பிடியே அநாதையா நிக்குது, ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கேல்லை.

ஈ5 குதிரையை எடுத்தா என்ன நடக்கும்? இதை நீங்கள் கட்டாயம் ஸ்டடியில கிளை போட்டுப் பாக்கோணும். சிப்பாய் எடுத்தா கறுப்பு ராணி டி4 ஐ எடுத்துச் செக். ராஜா எச்1 க்கு ஓடினா ராணி நேர ஜி1 ல போய் நிக்குது, செக், ராஜாவால எடுக்கேலாது, சி5 மந்திரி காவல். கோட்டைதான் எடுக்க வேணும். எடுத்த உடன ஜி4 குதிரை எஃப்2 ல குதிச்சு மேட். ராஜாவைச் சுத்தி முழுக்க அதின்ர சொந்தக் காயள், ஒரு கட்டம் அசைய இடமில்லை. நான் இதை மருமகளுக்கு, அக்கான்ர மகள்தான், காட்டேக்க அவள் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பி நிண்டிட்டாள்.

அரோனியன் அதுக்குள்ள விழேல்லை, மந்திரியால ஜி4 குதிரையை எடுக்கிறார், ஆனந்த் மந்திரியால டி4 ஐ எடுத்துச் செக், ராஜா எச்1, கறுப்புக் குதிரை திருப்பி ஜி4, இப்பதான் கடைசியா வெள்ளைக் குதிரை எஃப்8 கோட்டையை எடுக்குது. எல்லாரும் என்ன நினைப்பம், ராணியை எச்4 க்குக் கொண்டுபோய் எச்2 ஐ அடிக்கிறதுதானே எண்டு. நானும் அதைத்தான் நினைச்சன், பதிஞ்சும் பாத்தன். அப்பிடிச் செய்தா வெள்ளை ராணி எச்7 ல வந்து செக் குடுத்து ராணிக்கு ராணி மாத்திப்போடும், எஃப்8 குதிரை அங்க காவலுக்கு நிக்குது. அதால ஆனந்த் போட்டது எஃப்5. ஒரு சிப்பாய், ஒரு கட்டம்தான் விசயம், சி2 ல இருந்து எச்7 க்குப் போற பாதையை அடைக்கிறது. ஒரு கோட்டை குறைஞ்சு நிக்கேக்க, செக்கும் இல்லை வெட்டும் இல்லை, பேசாமல் கதவைப் பூட்டுற மாதிரி ஒரு நகர்வு. கடைசி நகர்வும் அதே குணம்தான், வெள்ளை ராணி டி3 ல நிண்டு எச்3 சிப்பாயைக் காக்குது, ஆனந்த் மந்திரியை ஈ3 ல குறுக்க வைக்கிறார், பார்வை மறைஞ்சுது, ஆட்டம் விட்டுக் குடுத்தாச்சு. ஜி2 சிப்பாய் எச்3 ல எடுக்கப் போகலாம்தானே எண்டா போகேலாது, பி7 மந்திரி முதலில இருந்தே அதைக் குத்தி வச்சிருக்கு, அசைஞ்சா பின்னால ராஜாவுக்குச் செக், 10 ஆவது நகர்வில அங்க போன மந்திரி ஆட்டம் முடியும்வரை அசையேல்லை.

இது 2012 மொஸ்கோவில கெல்ஃபாண்டோட நடந்த உலகப் போட்டிக்கு எண்டு தயார்படுத்தின விசயம் எண்டு ஆனந்த் பிறகு சொன்னவர். அங்க பாவிக்கக் கிடைக்காதது இங்க உதவினது.

இனி எனக்கு நடந்ததைக் கேளுங்கோ. ரெண்டு சப்டரையும் மாத்தி மாத்தித் திறந்து பாத்துக்கொண்டிருக்கேக்க 1907 ஆட்டத்தில 11, 12, 13 ஆவது நகர்வைப் பாத்தன், கறுப்பு சி4 ஐ வெட்டுது, மந்திரி எடுக்குது, பி5, மந்திரி டி3. ஆனந்தின்ர ஆட்டத்தில 6, 7, 8 ஆவது நகர்வும் அட்சரம் பிசகாமல் அதுதான். பிறகு ரெண்டிலயும் மந்திரி பி7, ரெண்டிலயும் குதிரை ஜி4, ரெண்டிலயும் வெள்ளை எஃப்4, ரெண்டிலயும் ராஜா எச்1, ரெண்டிலயும் ரெண்டு மந்திரியும் பக்கத்துப் பக்கத்துச் சாய்கோட்டில ராஜாவைப் பாத்துக்கொண்டு. ரெண்டுக்கும் இடையில 106 வருசம். ரூபின்ஸ்டீனின்ர ஆட்டம் இதோட பொருந்துது எண்டு ஆனந்தே சொன்னவர் எண்டதைப் பிறகுதான் அறிஞ்சன், ஆனா அதுக்கு முதல் நானே கண்டது எண்ட சந்தோசம் குறையேல்லை. மெரான் எண்ட பேரும் 1924 ல இத்தாலியில மெரானோ ஊரில நடந்த போட்டியால வந்தது, க்ரூன்ஃபெல்ட் எதிர் யார் தெரியுமோ, அதே ரூபின்ஸ்டீன்தான். மூண்டாவது சப்டர் அந்த ஆட்டம்.

ஒப்பனிங் எக்ஸ்ப்ளோரர் எண்டு ஒரு பகுதி ஸ்டடிக்குள்ளயே இருக்கு, புத்தகப் படம் போட்ட பட்டன். அமத்தினா இப்ப போர்டில நிக்கிற நிலையில இருந்து பெரிய ஆக்கள் என்ன என்ன விளையாடியிருக்கினம், எத்தினை தரம், வெள்ளை எவ்வளவு வெண்டது, சமன் எவ்வளவு, கறுப்பு எவ்வளவு எண்டு வெள்ளை சாம்பல் கறுப்புப் பட்டையாக் காட்டும், கீழ அந்த ஆட்டங்களும் வரும், தொட்டா திறக்கும். மாஸ்டர்ஸ் எண்ட பகுதி ஃபிடே தரப்புள்ளி 2200 க்கு மேற்பட்ட ஆக்களின்ர ஆட்டம், லிசெஸ் எண்ட பகுதி எங்களைப் போல சாதாரண ஆக்கள் ஒன்லைனில விளையாடினது. மெரானில எட்டாவது நகர்வுக்கு நிப்பாட்டிப் பாத்தா ஏ6, மந்திரி பி7, பி4, மந்திரி டி6 எண்டு நாலு பாதை கண்ணுக்கு முன்னால விரியும். ஆனந்த் எடுத்தது கடைசிப் பாதை.

ரெண்டு விசயம் தெரிஞ்சு வச்சிருங்கோ. மாஸ்டர்ஸ் பகுதி 1952 ல இருந்துதான் தொடங்குது, அதால ரூபின்ஸ்டீன் மாதிரி ஆக்களின்ர பழைய ஆட்டம் அங்க வராது, அதுகளை நீங்களே பதிய வேணும், இல்லாட்டி பிஜிஎன் தேடி ஒட்ட வேணும். மற்றது, எக்ஸ்ப்ளோரர் எத்தினை பேர் போனவை எண்டதைச் சொல்லும், ஏன் போனவை எண்டதைச் சொல்லாது. சதவீதத்தைப் பாத்து ஒப்பனிங் பாடமாக்கினா ஒன்பதாவது நகர்வில எதிராளி வேற ஒண்டு போட்ட உடன நடுச்சந்தியில விட்ட மாதிரி நிப்பியள். அதாலதான் குறிப்புப் பெட்டி உயிர் எண்டன். ஒவ்வொரு நகர்வுக்கும் கீழ ஏன் எண்டு எங்கட பாசையில ஒரு வரி எழுத வேணும், எழுதேலாட்டி அது இன்னும் விளங்கேல்லை எண்டு அர்த்தம். மெரானின்ர முதல் 12 நகர்வுக்கு 24 வரி எழுத எனக்கு மூண்டு கிழமை போனது.

இதே காரணத்துக்காக எஞ்சினைப் பற்றியும், அதுதான் நகர்வைக் கணக்குப் பாத்துச் சொல்லுற புரோகிராம், சொல்லோணும். ஸ்டொக்ஃபிஷ் உள்ளுக்கயே இருக்கு, சுவிச்சைப் போட்டா பக்கத்தில பட்டை ஏறி இறங்கும், நல்ல நகர்வை அம்புக்குறி போட்டுக் காட்டும். அக்கான்ர மகளுக்குப் பதின்மூண்டு வயசு, பள்ளிக்கூட ரீமில விளையாடுறாள், நல்ல கெட்டிக்காரி. அவள் தன்ர ஆட்டத்தைக் கொண்டுவந்து பதிஞ்சாள் எண்டா முதல் வேலை எஞ்சினைப் போடுறது.

"மாமா, இஞ்ச பாருங்கோ, பிளஸ் 1.8, நான் நல்லாத்தான் நிண்டிருக்கிறன்."

"ஏன் பிள்ளை நல்லா நிண்டனி?"

"அது காட்டுதே மாமா."

"அது காட்டுது. உனக்கு என்ன தெரியுது?"

பேசாமல் போர்டைப் பாத்துக்கொண்டு இருந்தாள். அவளைக் குறை சொல்லேலாது, நானும் அந்தக் காசு கட்டின ஆப்பில ஒரு வருசம் அப்பிடித்தான், சிவப்புக் குறி விழுந்த இடத்தை எண்ணிப்போட்டு மூடிவிடுவன், அடுத்த ஆட்டத்திலயும் அதே பிழை. ஸ்டடியில இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு, செட்டிங்ஸில கொம்பியூட்டர் அனாலிசிஸ் ஆருக்கு எண்டு கேக்கும், ஒருத்தருக்கும் இல்லை எண்டு போட்டுவிடலாம். எங்கட ஸ்டடியில முதல் கிழமை முழுக்க அப்பிடித்தான். எழுதி முடிச்சபிறகு திறந்து எங்கட குறிப்பு சரியோ எண்டு பாப்பம். எஞ்சின் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, எச்4 க்கு ராணியைக் கொண்டுபோனா எச்7 செக் வரும் எண்டதை நான் கண்டு எழுதினபிறகு எஞ்சினும் அதைச் சொல்லேக்க வாற நம்பிக்கை வேற.

பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற ஆக்கள் சப்டர் போடேக்க அனாலிசிஸ் மோட் எண்ட இடத்தைப் பாருங்கோ. அடுத்த நகர்வுகளை மறைக்கிறது எண்டு ஒண்டு இருக்கு, இன்ட்ராக்டிவ் லெசன் எண்டு இன்னொண்டு, அதில நகர்வைப் பிள்ளைதான் கண்டுபிடிக்க வேணும், பிழையா வச்சா நாங்கள் எழுதி வச்ச துப்பு வரும். ஆனந்தின்ர ஆட்டத்தை 14 ஆவது நகர்வில இருந்து அப்பிடிச் செய்து மருமகளுக்குக் குடுத்தன். மந்திரி சி5 ஐ அவள் மூண்டாவது தரத்தில கண்டாள். குதிரை ஈ5 ஐ முதல் தரமே கண்டாள். எஃப்5 ஐக் காணேல்லை, நானும் காணாத நகர்வுதான், துப்பைத் திறந்து பாத்தபிறகு கன நேரம் போனைக் கீழ வைக்கேல்லை.

அண்ணா ரொறன்ரோவில. ஞாயிற்றுக்கிழமை இஞ்ச இரவு எட்டரை எண்டா கோடை காலத்தில அங்க விடிய பதினொரு மணி. ரெண்டு பேரும் அதே ஸ்டடியைத் திறந்து, சிங்க் எண்டதைப் போட்டா, அவர் நகர்த்துற காய் இஞ்ச என்ர போர்டில நகரும். வட்ஸ்அப் கோலில கதைச்சுக்கொண்டு நகர்த்துவம். ஒரு நாள் அண்ணா ஆர்-ஆர்6 ஐ, அதுதான் அந்த எச்3 கோட்டை நகர்வு, வைச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு "அப்பா இந்த இடத்தில கோட்டையைத் தட்டி வைக்கிறவர், ஞாபகம் இருக்கோ" எண்டு கேட்டார். சத்தம் ஞாபகம் இருக்கு.

போனில பாவிக்கிற ஆக்களுக்கு, பிரவுசரில திறந்தா ஸ்டடி முழுக்க வேலை செய்யும், ஆனா சின்னத் திரையில போர்டு, நகர்வு, குறிப்பு மூண்டையும் ஒண்டாப் பாக்கேலாது, கீழ மேல தள்ளிக்கொண்டு இருக்க வேணும். குறிப்பு எழுதிறதெண்டா கொம்பியூட்டர்தான் வசதி, வாசிக்கிறதுக்குப் போன் காணும். எஞ்சின் உங்கட சாதனத்திலதான் ஓடும் எண்டபடியால் கனநேரம் போட்டு விட்டா போன் சுடும், பற்றரியும் இறங்கும், அதுக்காகவும் நிப்பாட்டி வையுங்கோ. நெட் இல்லாட்டி ஸ்டடி இல்லை. அதால நான் ஒவ்வொரு மாசமும் முழு ஸ்டடியையும் பிஜிஎன் ஆ இறக்கி ஒரு பென் டிரைவில வச்சிருக்கிறன், குறிப்பும் சேந்து வரும், தமிழ் எழுத்தும் உடையாமல் வந்தது.

தொடங்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறது ஒரே ஒரு ஆட்டம் எடுங்கோ, முடிஞ்சா உங்கட ஆட்டம், இல்லாட்டி 25 நகர்வுக்குள்ள முடிஞ்ச பெரிய ஆக்களின்ர ஆட்டம். ஸ்டடியை இன்வைட் ஒன்லி எண்டு போட்டு வச்சா ஒருத்தரும் வந்து பாக்க மாட்டினம், பிழையா எழுதவும் பயமில்லை. கையில மரப் போர்டு இருந்தா அதையும் பக்கத்தில வையுங்கோ, திரையில நகர்த்துறதும் கையால காயைத் தூக்கி வைக்கிறதும் ஒண்டில்லை, நான் ரெண்டையும்தான் செய்யிறன்.

இப்ப எங்கட ஸ்டடியில 19 சப்டர் வந்திட்டுது. கொப்பியின்ர 31 ஆம் பக்கத்தில வந்து நிக்கிறம். அந்தப் பக்கம் 95 ல மழையில நனைஞ்சது, மை கரைஞ்சு பரவி, பேர் ரெண்டும் அழிஞ்சு, முதல் 14 நகர்வுதான் வாசிக்கக் கிடக்கு, பிறகு கடைசி ரெண்டு வரி. அந்த 14 ஐயும் பதிஞ்சு எக்ஸ்ப்ளோரரில போட்டுப் பாத்தன், ஆட்டம் ஒண்டும் வரேல்லை, 1952 க்கு முந்தினதா இருக்கும். அண்ணா கடைசி ரெண்டு வரியில இருந்து பின்னுக்கு வரப்போறாராம், நான் முன்னுக்குப் போறன். ஞாயிறு எட்டரைக்கு.